கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்?

சினிமாவில் கதிர்வீச்சுக்கு ஒரே நிறம்தான், பச்சை. மஞ்சள் பீப்பாயிலிருந்து பச்சைத் திரவம் வழியும். தொட்டவர் உடம்பும் பச்சையாக மினுங்கும். இந்தப் பச்சையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் பழைய கைக்கடிகாரத்தில் போய் நிற்போம். நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ரேடியம் கலந்த சாயத்தைக் கடிகார எண்களின் மேல் பூசினார்கள். இருட்டில் ஒளிர்ந்தது ரேடியம் அல்ல, சாயத்தில் கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்தின் கதிர் மோதும்போதெல்லாம் அது ஒளிவிட்டது. தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி வேலை செய்த பெண்களின் எலும்பில் போய்த் தங்கிய ரேடியத்துக்கு நிறமே கிடையாது.

ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. கண்ணால் பார்க்க முடிந்தால் கதிர்வீச்சு எப்படி இருக்கும்? இதற்கு உத்தேசமாக இல்லாமல் கணக்கோடு பதில் சொல்லலாம். கணக்குப் போட்டால் கிடைக்கிற காட்சி, சினிமாக்காரர்கள் கற்பனை செய்ததைவிட விசித்திரமானது.

முதலில், ஏன் தெரிவதில்லை? வெளிச்சமும் காமா கதிரும் ஒரே குடும்பம், இரண்டும் மின்காந்த அலை. நம் கண்ணுக்குப் பிடிபடும் ஒளித்துகள் ஒவ்வொன்றும் 2 முதல் 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வருகிறது. கதிரியக்கத் தனிமமான சீசியம்-137 விடும் காமாத் துகள் ஒன்றின் ஆற்றல் 6,62,000 எலக்ட்ரான் வோல்ட். பச்சை ஒளித்துகள் ஏறக்குறைய மூன்று லட்சத்தை ஒன்றாகத் திரட்டி ஒரே ஊசியாகச் செய்தது போல. விழித்திரையில் இருக்கும் நிறமிகள் மெல்லத் தட்டினால் திறக்கும் கதவுகள். இந்த ஊசி கதவைத் தட்டுவதில்லை, பெரும்பாலும் சுவரோடு துளைத்துக்கொண்டு போய்விடுகிறது. விதிவிலக்கு உண்டு. 1969இல் அப்பல்லோ 11இல் நிலவுக்குப் போன பஸ் ஆல்ட்ரின், இருட்டில் திடீர் ஒளிக்கீற்றுகள் தெரிந்ததாகச் சொன்னார். பின்னால் போன விண்வெளி வீரர்கள் பலரும் அதையே சொன்னார்கள். விண்வெளியிலிருந்து வரும் கனமான துகள்கள் கண்ணுக்குள்ளேயே பாய்ந்ததன் விளைவு அது.

இப்போது ஒரு மாயக் கண்ணாடி செய்வோம். ஒன்றல்ல, இரண்டு. ஏன் இரண்டு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் கண்ணாடி, நேர்மைக் கண்ணாடி

இந்தக் கண்ணாடி கதிர்வீச்சின் ஆற்றலைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வெளிச்சமாக மாற்றிக் காட்டும். ஒரு வாட் காமா கதிர் வந்தால் ஒரு வாட் ஒளி தெரியும்.

இதை மாட்டிக்கொண்டு பிரேசிலின் கோயானியா நகரத்துக்குப் போவோம். 1987 செப்டம்பரில் அங்கே கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியின் தலைப்பகுதியை இரண்டு பேர் கழற்றிக்கொண்டு போய்க் காயலான் கடையில் விற்றார்கள். உள்ளே 93 கிராம் சீசியம் குளோரைடு. அதன் கதிரியக்கம் வினாடிக்கு ஏறத்தாழ 51 லட்சம் கோடி அணுச் சிதைவுகள். உறையை உடைத்தபோது தூள் வெளியே வந்தது.

நேர்மைக் கண்ணாடியில் அந்தத் தூளின் காமா கதிர் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும்? பெருக்கிப் பார்த்தால் சுமார் நாலரை வாட். வீட்டுக் கூடத்தில் மாட்டும் 12 வாட் எல்.இ.டி. பல்பு கிட்டத்தட்ட அவ்வளவு ஒளியைத்தான் விடுகிறது. நான்கு பேரைக் கொன்று, 249 பேர் மேல் மாசாக ஒட்டி, 1,12,000 பேருக்கு மேல் வரிசையில் நின்று பரிசோதித்துக்கொள்ளவைத்த பொருள், கூடத்து பல்பு அளவு வெளிச்சம்!

இன்னொரு கணக்கும் இதே கதையைச் சொல்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப் பேர் இறந்துவிடக்கூடிய அளவு என்று வைத்துக்கொள்வது உடம்பு முழுதும் சுமார் 4 கிரே, அதாவது கிலோவுக்கு 4 ஜூல். எழுபது கிலோ ஆளுக்கு 280 ஜூல். அந்த ஆற்றல் உடம்பின் வெப்பத்தை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏற்றும். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான சூடான டீயில் அவ்வளவு வெப்பம் இருக்கிறது. கதிர் படும்போது சுடாமல், வலிக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

அப்புறம் எப்படி ஆளைக் கொல்கிறது? டீயின் வெப்பம் உடம்பின் கோடானுகோடி மூலக்கூறுகளுக்கும் சமமாகப் பங்கு பிரிகிறது. யாருக்கும் எதுவும் உடைகிற அளவு கிடைப்பதில்லை. காமாத் துகளோ தன் ஆற்றலில் பெரிய பங்கை ஒரே எலக்ட்ரானின் கையில் கொடுக்கிறது. அந்த எலக்ட்ரான் போகிற வழியெல்லாம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டே போகிறது. வழியில் டி.என்.ஏ. இழை இருந்தால் அறுபடும். பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடிக்கும் கூலியும், ஒரே ஒரு கூரிய ஆணியைக் காரின் டயரில் இறக்கும் உழைப்பும் ஒன்றல்ல, இல்லையா? செலவான ஆற்றலை அளந்தால் ஆணி கணக்கிலேயே வராது.

ஆக, நேர்மைக் கண்ணாடி பயன்படாது. வேறு அளவுகோல் வேண்டும்.

இரண்டாவது கண்ணாடி, ஆபத்துக் கண்ணாடி

இது உடம்பு வாங்கும் கதிரளவை ஒளியாகக் காட்டும். உடம்புக்கான கதிரளவைச் சீவெர்ட் என்ற அலகில் சொல்கிறோம். ஆயிரத்தில் ஒன்று மில்லிசீவெர்ட், பத்து லட்சத்தில் ஒன்று மைக்ரோசீவெர்ட். சாதாரண ஊரில் மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் நம்மேல் படுவது மணிக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோசீவெர்ட். அதைப் பௌர்ணமி நிலவொளி என்று வைத்துக்கொள்வோம். உச்சிவெயில் நிலவொளியைவிடச் சுமார் நான்கு லட்சம் மடங்கு பிரகாசம். ஆகவே இந்தக் கண்ணாடியில் சித்திரை மாத உச்சிவெயில் என்றால் மணிக்கு 40 மில்லிசீவெர்ட்.

இந்த ஒரு முடிச்சைப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கதிரியக்கத் தொழிலில் இருப்பவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக அனுமதிக்கும் அளவு 20 மில்லிசீவெர்ட். சித்திரை வெயிலில் அரை மணி நேரம். விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது மணிக்கு சுமார் 5 மைக்ரோசீவெர்ட். நிலவொளியிலிருந்து தெருவிளக்குக்குக் கீழே வந்து நின்ற மாதிரி. வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன் 8 மில்லிசீவெர்ட் என்று கொண்டால், பன்னிரண்டு நிமிட உச்சிவெயில்.

கோயானியாத் தூளைத் திறந்தவெளியில் வைத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் மணிக்கு 4.6 சீவெர்ட். நூறு சூரியனுக்கும் மேல். அங்கே ஐம்பது நிமிடம் நின்றால் முன்பு சொன்ன 4 கிரே (காமாவுக்கு அதுவே 4 சீவெர்ட்) ஏறக்குறைய வந்துவிடும்.

நெஞ்சு எக்ஸ்ரே இதில் ஒரு வேடிக்கை. ஏறத்தாழ 0.05 மில்லிசீவெர்ட், அதுவும் கண்சிமிட்டும் நேரத்துக்குள். அந்தக் கணத்துக்கு மட்டும் தொண்ணூறு சூரியன் சேர்ந்து மின்னியது போலிருக்கும்! பார்த்தவர் அலறிவிடுவார். ஆனால் மொத்தக் கணக்கு மூன்று வார நிலவொளிக்கு மேல் தேறாது. வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்தே பெருக்க வேண்டும். எக்ஸ்ரே குழாயின் சுவிட்சை அணைத்ததும் அறை முழு இருட்டு. சுவரிலோ கட்டிலிலோ நம் உடம்பிலோ ஒரு துளி மினுக்கம்கூட மிஞ்சாது. டார்ச்சை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் தங்குமா?

வீட்டுக்குள் என்ன தெரியும்?

கண்ணாடியைக் கொஞ்சம் திருத்தி, ஒவ்வொரு துகளையும் தனித்தனிக் கோடாகக் காட்டச் சொல்வோம். இனி விளக்கை அணைத்துவிட்டு அறையில் உட்காருங்கள். இருட்டாக இருக்காது.

கூரையைத் துளைத்துக்கொண்டு மெல்லிய நேர்கோடுகள் மேலிருந்து விழுந்துகொண்டே இருக்கும். இவை மியூவான்கள். விண்வெளித் துகள்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதும்போது பிறந்து வருபவை. கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ. பரப்பில் நிமிடத்துக்கு ஒன்று. உள்ளங்கையை நீட்டிப் பிடித்தால் வினாடிக்கு ஒன்றிரண்டு அதை ஊடுருவிப் போகும். கூரை, மாடி, கான்கிரீட் எதுவும் அவற்றுக்குப் பொருட்டல்ல.

காற்றில் அங்கங்கே சின்னப் பொறிகள் வெடிக்கும். அது ரேடான் வாயு. மண்ணிலும் கல்லிலும் உள்ள யுரேனியத்தின் வழிவந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் வினாடிக்குச் சில பத்துப் பொறிகள் என்பது சாதாரணம். சன்னலைத் திறந்துவிட்டால் குறையும், மூடிய அறையில் பெருகும். உலகச் சராசரியாக ஒரு மனிதர் ஆண்டுக்கு வாங்கும் இயற்கைக் கதிரளவு 2.4 மில்லிசீவெர்ட், அதில் பாதி இந்தப் பொறிகளால் வருகிறது.

உங்கள் உடம்பும் மினுமினுக்கும். சாப்பாட்டிலிருந்து வரும் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒன்று அளவுக்குக் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. எழுபது கிலோ உடம்பில் வினாடிக்கு நான்காயிரத்துக்கு மேல் சிதைகிறது. வாழைப்பழம் சாப்பிட்டால் கூடுமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடுவதில்லை. உடம்பு பொட்டாசியத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு மீதியைச் சிறுநீரில் விட்டுவிடும்.

பரணில் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு இருந்தால், அதற்கு வாங்கிவைத்த பழைய மேன்டில் பொட்டலம் தனியாக ஒளிரும். அந்தக் காலத்து மேன்டில் வலையில் இருந்தது தோரியம் ஆக்சைடு, கூடவே நூற்றில் ஒரு பங்கு சீரியம். அந்தத் தோரியத்தின் தேடல்தான் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்கு வெளிநாட்டவரை இழுத்து வந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமத்தைக் கண்டார். கண்ணாடியோடு அந்தக் கடற்கரையில் நடந்தால், கருமணல் ஒதுங்கிய திட்டுகள் மட்டும் பளிச்சென்று தெரியும். பத்தடி தள்ளி வெள்ளை மணல் மங்கலாக இருக்கும். இதே கனிமம் கிடக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கூடுதல் கதிரால் புற்றுநோய் கூடியதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. நிலவொளி பத்துப் பதினைந்து மடங்கானாலும் வெயில் ஆகிவிடாது.

நெருஞ்சி, மத்தாப்பு, விளக்கு

ஆபத்துக் கண்ணாடியில் ஆல்ஃபா (கனமான அணுக்கருத் துண்டு), பீட்டா (வேகமான எலக்ட்ரான்), காமா என்ற மூன்று வகைக் கதிர்களும் மூன்று உருவத்தில் தெரியும்.

ஆல்ஃபா விடும் தூசு ஒன்று நெருஞ்சிமுள் மாதிரி இருக்கும். சுற்றிலும் கட்டையான, பிரகாசமான முட்கள், எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளம், காற்றில் நாலு செ.மீ. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. ஒரு தாள் தடுத்துவிடும், தோலின் மேலுள்ள செத்த அடுக்கே தடுத்துவிடும். தரையில் கிடக்கும் நெருஞ்சியால் யாருக்கு என்ன? காலில் ஏறினால்தான் தொல்லை. ஆல்ஃபாவும் மூச்சிலோ சோற்றிலோ உள்ளே போனால்தான் தன் வேலையைக் காட்டும். உள்ளே அந்த முள்ளின் நீளம் அரை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முழு ஆற்றலும் நாலைந்து உயிரணுக்களுக்குள் கொட்டப்படும். ஆகவேதான் சீவெர்ட் கணக்கில் ஆல்ஃபாவுக்கு இருபது மடங்கு எடை போடுகிறார்கள்.

பீட்டா, கம்பி மத்தாப்பு. பொறிகள் வளைந்து நெளிந்து சில மீட்டர் வரை தெறிக்கும். உடம்பில் சில மில்லிமீட்டர் ஆழம் போகும். தோலைப் புண்ணாக்கும், கண்ணைக் கெடுக்கும். தடுப்பதில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பீட்டாவுக்கு முன்னால் நேராக ஈயத் தகட்டை வைப்பார்கள். வேகமாக வரும் எலக்ட்ரான் கனமான அணுவின் பக்கத்தில் சடாரென்று திரும்பும்போது எக்ஸ்ரே பிறக்கும். மத்தாப்பை மறைக்கப் போய் டார்ச் ஏற்றியது போல் ஆகும். முதலில் ஒரு செ.மீ. பிளாஸ்டிக், அதற்கு வெளியே வேண்டுமானால் ஈயம் என்பதே சரியான வரிசை.

காமா, விளக்கு. ஆனால் இந்த விளக்குக்குச் சுவர்கள் கண்ணாடி. ஒரு தடுப்பு நிறுத்தும் அல்லது நிறுத்தாது என்ற பேச்சே காமாவுக்குப் பொருந்தாது. பாதியாக்கும், இன்னும் வைத்தால் அதில் பாதியாக்கும். கோபால்ட்-60இன் காமாவைப் பாதியாக்க ஈயம் சுமார் 1.2 செ.மீ., கான்கிரீட் சுமார் 6 செ.மீ., தண்ணீர் பத்துப் பதினொரு செ.மீ. வேண்டும். நம் உடம்பும் தண்ணீர் மாதிரிதான், காமா வெளிச்சத்தில் நின்றால் நிழல் விழும், ஆனால் அரைகுறை நிழல். எலும்பும் சதையும் மங்கலாகத் தெரியும் சாயாபிம்பம்.

தூரத்தின் கணக்கு இதைவிடக் கடுமை. இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் நாலில் ஒன்று. பத்து மடங்கு தள்ளினால் நூறில் ஒன்று. திருப்பிப் பார்த்தால்தான் பயங்கரம் புரியும்: ஒரு மீட்டரில் இருக்கும் வெளிச்சம் ஒரு செ.மீ. தூரத்தில் பத்தாயிரம் மடங்கு. 1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோவில் வெல்டர் ஒருவர் கீழே கிடந்த சின்ன உலோகத் துண்டை எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். குழாய் ஒட்டுகளைப் படம்பிடிக்கும் கருவியிலிருந்து நழுவிய இரிடியம்-192 அது. ஒரு மீட்டர் தள்ளிப் பார்த்தவருக்கு நாலைந்து சூரியன். பையில், துணிக்கு அந்தப்பக்கம், பல்லாயிரம் சூரியன். பல மணி நேரம் பையிலேயே இருந்தது. அவருடைய ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. எனவே அப்படிப்பட்ட துண்டைக் கையாளும் பயிற்சி பெற்றவர்கள்கூட விரலால் தொடுவதில்லை; நீண்ட இடுக்கி. ஒன்றரை மீட்டர் இடுக்கி, எந்த ஈயக் கையுறையையும்விட மேல்.

2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் தொலைந்த சீசியம் குப்பியை இந்தக் கண்ணாடியோடு தேடியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். 6 மி.மீ. விட்டம், 8 மி.மீ. நீளம், 1,400 கி.மீ. லாரிப் பாதையில் எங்கோ விழுந்திருந்தது. ஒரு மீட்டரில் மேகமூட்டமான பகல் அளவு வெளிச்சம் விட்டுக்கொண்டு கிடந்தது. கருவி பொருத்திய வண்டி மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் போகும்போதே அதைப் பிடித்துவிட்டது. சாலையோரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கிடந்தது.

விளக்கா, கோலமாவா?

கதிர்வீச்சைப் பற்றிய குழப்பங்களில் பாதி, இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக நினைப்பதால் வருகிறது. விளக்கின் வெளிச்சம் நம்மேல் படுவது ஒன்று. ஒளிரும் மாவு நம்மேல் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. விளக்கை விட்டு நகர்ந்தால் வெளிச்சம் போய்விடும். கோலமாவு அப்படியா? கையில் ஒட்டும், கதவுப்பிடிக்குப் போகும், குழந்தை கன்னத்துக்குப் போகும், அடுப்படிக்குப் போகும். முதலாவதற்குக் கதிர் படுதல் என்று பெயர், இரண்டாவதற்குக் கதிரியக்க மாசு.

நாசிக் பக்கம் லாசல்காவில் காமா கதிர் காட்டிய வெங்காயம் முதல் வகை. கதிர் காட்டும் அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியில் மற்ற வெங்காயம் மாதிரியேதான் தெரியும். கதிர் பட்டவரிடமிருந்து அடுத்தவருக்குக் கதிர் தொற்றும் என்று சினிமா சொல்வது தவறு.

கோயானியா இரண்டாம் வகை. அங்கே ஒரு குரூரமான திருப்பமும் உண்டு. அந்தத் தூள் உண்மையிலேயே இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது, எந்தக் கண்ணாடியும் தேவைப்படவில்லை. ஒளிர்ந்ததால்தான் பொக்கிஷமென்று நினைத்து உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு கொடுத்தார்கள். அலங்காரப் பொடி போல மேலில் பூசிக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தால் தப்பித்துக்கொள்வார்கள் என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர்! மாறாக, 2010இல் டெல்லியின் மாயாபுரிக் காயலான் கடைக்குப் போன கோபால்ட்-60 துண்டுகள் ஒளிரவே இல்லை, வெறும் உலோகம். அங்கேயும் ஒருவர் உயிர் போனது. பழைய இரும்பு எடைக்கு வாங்குபவர் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒளியை அல்ல: அளவுக்கு மீறிக் கனக்கும் உருளை, உள்ளே ஈயம், மூன்று இதழ் விசிறி முத்திரை. சர்வதேச அமைப்புகள் 2007இல் கொண்டுவந்த சிவப்பு முத்திரையில் மண்டையோடும் ஓடும் மனிதனும் சேர்ந்திருக்கும். கருவியைப் பிரிக்கத் தொடங்கினால்தான் கண்ணில் படும் இடத்தில் அதை ஒட்டுகிறார்கள். பார்த்தால் வெட்டாமல், தொடாமல், ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டுக் காவல்துறைக்குச் சொல்வதுதான் வேலை.

லண்டனில் 2006 நவம்பரில் இறந்த முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி அலெக்சாண்டர் லிட்வினென்கோவுக்குக் கொடுக்கப்பட்டது பொலோனியம்-210. கிட்டத்தட்ட முழுக்க ஆல்ஃபா, காமா மிகச் சொற்பம். காமாவைத் தேடும் கருவியில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை. ஆபத்துக் கண்ணாடி போட்டிருந்தால் அவருடைய தோல் இருட்டாகவும், உள்ளுறுப்புகள் தணலாகவும் தெரிந்திருக்கும். கொண்டுவந்தவர்கள் போன இடமெல்லாம், தேநீர்ப் பாத்திரம் உட்பட, நெருஞ்சி சிந்திக் கிடந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் பிறகு துப்பறிந்தார்கள்.

செர்னோபிலைச் சுற்றிப் பார்த்தால் ஒரே சீரான ஒளிமண்டலம் தெரியாது. 1986 ஏப்ரல் 26இல் அங்கே அணு உலை வெடித்த பிறகு காற்று போன திசையில், மழை பெய்த இடத்தில் அதிகம் படிந்தது. மழை தப்பிய பக்கத்து ஊர் தப்பித்தது. சாயம் தெறித்த சுவர் மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும். பாசியும் கூரையின் தாழ்வாரமும் பிரகாசம், தார்ச்சாலை மங்கல். அயோடின்-131இன் ஒளி எட்டு நாளுக்கொரு முறை பாதியாகி மூன்று மாதத்தில் ஏறக்குறைய அணைந்துவிட்டது. சீசியம்-137க்குப் பாதியாக முப்பது ஆண்டு, இப்போதும் ஒளிர்கிறது.

நிஜமாகவே தெரியும் நீலம்

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைப் போட்டுவைக்கும் குளத்தில் எட்டிப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே அழகான நீல ஒளி தெரியும். தண்ணீருக்குள் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். அங்கே பாயும் சில எலக்ட்ரான்கள் அதைவிட வேகமாகப் போகின்றன. அப்போது எழும் அதிர்ச்சி அலைதான் அந்த நீலம். 1934இல் இதைக் கண்ட பாவெல் செரென்கோவ் 1958இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பார்ப்பவருக்கு ஆபத்தில்லை. ஒரு மீட்டர் தண்ணீரே காமாவைச் சுமார் ஆயிரத்தில் ஒன்றாக்கிவிடும். எரிபொருளுக்கு மேல் பல மீட்டர் தண்ணீர் நிற்கிறது.

காற்றில் நீலம் தெரிந்தால் கதை வேறு. 1946 மே 21 அன்று அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வகமான லாஸ் அலமோஸில் இயற்பியலாளர் லூயிஸ் ஸ்லாட்டின் கையிலிருந்த திருப்புளி நழுவி, புளூட்டோனியக் கோளத்தின் மூடி முழுதாக விழுந்து அணுத் தொடர்வினை தொடங்கியது. நீல மின்னல் ஒன்று, அவ்வளவுதான். கதிர் அடித்ததில் காற்றே ஒளிர்ந்தது. ஒன்பது நாளில் அவர் இறந்தார். அந்த நீலம் கண்ணுக்குத் தெரியும்போது வாங்க வேண்டியதை உடம்பு வாங்கி முடித்திருக்கும்.

கையில் கிடைக்கும் கண்ணாடிகள்

எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர் சட்டையில் குத்தியிருக்கும், கதிரளவைப் பதிந்துவைக்கும் டி.எல்.டி. அட்டை, நம் மாயக் கண்ணாடிக்கு மிக அருகில் வருகிறது. உள்ளே மூன்று சின்ன வில்லைகள். ஒன்றின் மேல் உலோகத் தகடு, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. எது எவ்வளவு வாங்கியது என்பதை ஒப்பிட்டால் கதிரின் வகை தெரியும். வில்லையிலுள்ள கால்சியம் சல்ஃபேட், பட்ட கதிரின் ஆற்றலைப் பூட்டிவைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்துச் சூடாக்கினால் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். ஒளியை அளந்தால் கதிரளவு. தவறு நடப்பது மிகச் சாதாரண வழிகளில்: ஈயக் கவசத்துக்கு வெளியே குத்துவது, கழற்றி எக்ஸ்ரே அறை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது, சட்டையோடு துவைக்கப் போடுவது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடுவது.

கைகர் கருவியின் டிக் டிக் சத்தம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று: பழைய மாதிரிக் கருவிகள் மிகக் கடுமையான கதிரில் திணறிப்போய்ப் பூஜ்யம் காட்டிவிடும். செர்னோபிலில் அந்த இரவில் கையில் இருந்த கருவிகளின் உச்ச அளவு மணிக்கு 3.6 ராண்ட்ஜன் (பழைய கதிரளவு அலகு), முள் உச்சியில் முட்டி நின்றதை அளவு என்றே எடுத்துக்கொண்டார்கள். பழைய கருவியைத் தூரத்திலிருந்தே முடுக்கி, ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே கிட்டப் போக வேண்டும். கிட்டப் போன பின் முடுக்கக் கூடாது.

ஒவ்வொரு துகளையும் தனிக் கோடாகப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. சி.டி.ஆர். வில்சன் 1911இல் துகள் தடங்களைப் படம்பிடித்த மேகக் கூண்டின் எளிய வடிவம். ஓரடி நீள மீன்தொட்டி ஒன்று, உள்பக்க அடியில் கம்பியால் கட்டிய கம்பளித் துணிப் பட்டை (பசை வேண்டாம், ஆல்கஹால் கரைத்துவிடும்), கறுப்பு உலோகத் தகடு, அதன் கீழே உலர் பனிக்கட்டி. துணியை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தொட்டியைத் தகட்டின் மேல் கவிழ்த்து, விளிம்பைக் களிமண்ணாலோ டேப்பாலோ அடைக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கு உதவாது; அதிலுள்ள தண்ணீர் முதலில் உறைந்துவிடும். உலர் பனி மைனஸ் 78 டிகிரி, தடித்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மூடிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும். சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் தகட்டின் மேல் தூறல் போல ஒரு மூட்டம் இறங்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு எல்.இ.டி. டார்ச்சைப் பக்கவாட்டில், தகட்டோடு ஒட்டினாற்போல் அடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. தடங்கள் விழுவது தகட்டுக்கு மேல் ஏறத்தாழ ஒரு செ.மீ. உயரத்துக்குள்தான். நீளமான நேர்க்கோடு மியூவான், நெளியும் மெல்லிய இழை பீட்டா, குட்டையான தடித்த கோடு ஆல்ஃபா. இருபது நிமிடமாகியும் வெறும் மூட்டம் மட்டும் இருந்தால் விளிம்பில் காற்று புகுகிறது, அல்லது தகடு பனிக்கட்டியின் மேல் சரியாக உட்காரவில்லை.

ஆல்ஃபா நிறைய வேண்டுமென்றால் ஒரு பலூனை ஊதி, தலைமுடியில் நன்றாகத் தேய்த்து, கீழ்த்தள அறையில் சன்னலை மூடி அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். காற்றில் இருக்கும் ரேடான் சிதைந்து உண்டாகும் வாரிசு அணுக்கள் அதில் ஒட்டும். காற்றை இறக்கிச் சின்னத் துண்டாக வெட்டிக் கூண்டுக்குள் வைத்தால் தடித்த கோடுகள் படபடவென்று வரும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி எண்ணினால், ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும்.